நடுவில் ஒரு சீட்

வண்டியில் பொருத்துகிற மூன்று குழந்தை சீட்டுகளைச் சுமந்துகொண்டு ஒரு ஆள் தனியாக வண்டி விற்கிற கடைக்குள் நுழைந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. கக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, முதுகில் வாரைப் பிடித்துத் தொங்கவிட்டபடி மூன்றாவது. ஆகஸ்ட் மாத வெயில் வேறு. வரிசையாக நின்ற பிக்அப்களுக்கு நடுவே நான் வேர்த்து விறுவிறுத்து வந்ததைப் பார்த்து, மீசைக்கார விற்பனையாளர் ஓடிவந்து ஒன்றை வாங்கிக்கொண்டார்.

"மூணாவது பிள்ளையாண்ணே?" என்றார், வாயெல்லாம் பல்லாக.

"ஆமா," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் நீளும், வெயிலாக இருந்தது, அவர் முகம் சந்தோஷமாக இருந்தது. அதோடு, உண்மையைச் சொல்கிறேன், அப்படிச் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது.

என் பெயர் வேட் ஹால்வர்சன். அமெரிக்காவில், மோண்டானா மாநிலத்தின் கிழக்குக் கோடியில் நூற்றெண்பது மாடுகளும் ஒரு நாயும் வைத்திருக்கிறேன். வீட்டில் நான் ஒருவன். கெண்ட்ரா என்னைவிட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது. சொல்லாமல் கொள்ளாமல் போனவள் இல்லை. சொல்லிவிட்டு, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போனாள். நூற்று நாற்பது மைல் தள்ளி ஒரு டவுனில் ட்ரென்ட் என்கிற பள்ளிக்கூட வாத்தியாரைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனிதன். திட்டுவதற்கு ஒரு வழியும் வைக்காத அளவுக்கு நல்லவன், அதுதான் எரிச்சல். அவர்களுக்கு வில்லா என்று பத்து மாதப் பெண் குழந்தை. எங்களுக்குப் பிறந்தது இரண்டு: ஹாட்லிக்கு எட்டு வயது, எம்மெட்டுக்கு ஐந்து. ஆக, குடும்பம் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. நான் அதில் இல்லை, அவ்வளவுதான்.

ஒன்றுவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளைகள் என்னிடம் வருவார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே, எழுபதாவது மைலில் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. பிரிந்துபோன அப்பா அம்மாக்கள் எல்லாம் பிள்ளைகளைக் கைமாற்றிக்கொள்வது அங்கேதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனால், பைகளோடு நிற்கிற பிள்ளைகளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் டயரைப் பார்க்கிற பெரியவர்களையும் பார்க்கலாம். நானும் நிறைய டயர் பார்த்திருக்கிறேன்.

என்னுடைய பழைய வண்டி ஒற்றை வரிசை பிக்அப். முன்னால் ஒரே நீளமான சீட், பின்னால் சாமான் ஏற்ற எட்டடி பாடி. அந்த ஒரே சீட்டில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்காருவோம். ஹாட்லி நடுவில், கியர் கம்புக்கு ஒரு பக்கமாகக் காலை மடக்கிக்கொண்டு. நான் கிளட்சை மிதித்து "இப்ப" என்றால் அவள்தான் கியர் போடுவாள். அவள் முழங்கை எழுபது மைலும் என் விலாவில் குத்திக்கொண்டே வரும். எம்மெட் ஜன்னலோரம்.

ஜூன் மாதம் கெண்ட்ரா தெளிவாகச் சொல்லிவிட்டாள். பின்சீட் இல்லாத வண்டியில் இந்தக் குளிர்காலம் பிள்ளைகளை அனுப்ப மாட்டாள். பனி விழுவதற்குள் வண்டி மாற்றினால் வருவார்கள், இல்லாவிட்டால் அடுத்த ஏப்ரலில்தான். அவள் சொன்னதில் தப்பு இல்லை, எங்கள் சாலையில் ஜனவரியில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஆனால் பனிக்கு முன்னாலேயே எம்மெட் வருவதை நிறுத்திவிட்டான். ஜூலையில் இரண்டு முறையும் பங்க்கில் இறங்கவே இல்லை. பாப்பா வராவிட்டால் தானும் வரமாட்டானாம். தங்கச்சியின் தொட்டில் கம்பியில் கையை விட்டுக்கொண்டுதான் தூங்குகிறான் என்று ஹாட்லி சொன்னாள்.

ஆகவே எனக்கு வேண்டியது ஒன்றுதான்: இரண்டு பிள்ளைகளும் வர வேண்டும். கடைக்குப் போவதற்கு முந்தின நாள் எம்மெட்டுக்கு ஒன்று, ஹாட்லிக்கு ஒன்று என்று சீட் வாங்கப் போனவன் மூன்றாக வாங்கிக்கொண்டு வந்தேன். மூன்றாவது யாருக்கு என்று காசாளர் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

விற்பனையாளர் முதலில் காட்டியது ஒன்றரை வரிசை வண்டி. பின்னால் அரைக்கதவு, இரண்டு குட்டி சீட், ஆனால் முழு எட்டடி பாடி. மாட்டுக்காரன் வாங்க வேண்டிய வண்டி அதுதான். வேலிக்கம்பம், மாடு நக்குகிற உப்புக்கட்டி, குளிரில் பிறந்து விறைத்துப்போன கன்று எல்லாம் அதில் அடங்கும். இரண்டு குழந்தை சீட்டும் கனகச்சிதமாக உட்கார்ந்தன. மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"யோசிச்சு சொல்றேன்," என்றேன்.

காளை வாங்கினாலும் கத்தரிக்கோல் வாங்கினாலும் நான் முதலில் சொல்வது இதுதான். கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கெண்ட்ரா கேட்டபோதும் இதையே சொன்னேன் என்று அவள் பல தடவை சொல்லிக்காட்டியிருக்கிறாள்.

அவர் அடுத்ததாக இரட்டை வரிசை வண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான்கு முழுக்கதவு, பின்னால் அகலமான சீட். பாடி மட்டும் ஐந்தரை அடி. அதில் ஏணியைப் படுக்க வைத்தால் பாதி வெளியே நிற்கும். மூன்று குழந்தை சீட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தோம். நடு சீட்டின் பெல்ட் உள்ளே போகமாட்டேன் என்று அடம்பிடித்தது; விற்பனையாளர் முழங்காலால் அழுத்த, நான் இழுக்க, கடைசியில் 'க்ளிக்' என்றது. மூன்றும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தன. நான் ஓட்டுகிற இடத்தில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைத் திருப்பினேன். கண்ணாடி நிறைய சீட்.

அரைமணி நேரம் வெளியே நடந்துவிட்டு வந்து அதையே வாங்கினேன். பழைய வண்டியை அங்கேயே விட்டேன். அதன் சீட்டுக்கு அடியில் எம்மெட்டின் ஒரு சாக்ஸ் கிடந்தது, அதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் யாரும் வண்டியைப் பூட்டுவதில்லை. செப்டம்பரில் மட்டும் பூட்டலாமா என்று ஒரு கணம் தோன்றும், ஏனென்றால் தோட்டத்தில் வெள்ளரிக்காய் மாதிரி இருக்கும் சுக்கினிக்காய் அதிகமாய்க் காய்த்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டு நடக்கும்போது வெளியே வந்து கிடைத்த வண்டியில் எல்லாம் மூட்டை மூட்டையாய் வைத்துவிட்டுப் போவார்கள். பெயர் எழுதி வைக்க மாட்டார்கள். திருப்பிக் கொடுக்க ஆள் தெரியாது. தின்றுதான் தீர வேண்டும்.

அந்த செப்டம்பரின் முதல் ஞாயிற்றுக்கிழமை என் புது வண்டியில் சுக்கினிக்காய் இருந்தது. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு பையில் குழந்தைத் துணிகள் இருந்தன. துவைத்து மடித்தவை, குட்டிக் குட்டிக் காலுறைகள் ஜோடி ஜோடியாக. அந்த விற்பனையாளரின் கொழுந்தியாள் எங்கள் சர்ச்சில் பாட்டுக்குழுவில் இருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வேட்டுக்கு மூன்றாவது வரப்போகிறது. அம்மா யார் என்று தெரியவில்லை. அவன் சொல்லவில்லை, நாம் கேட்கக் கூடாது. ஊரில் பேச்சு இப்படித்தான் ஓடியிருக்கும்.

வேறு ஊராக இருந்தால் யாராவது ஒருத்தர் கையைப் பிடித்து நிறுத்தி, என்னடா கதை என்று கேட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் கேட்க மாட்டார்கள். கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று எங்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். கெண்ட்ரா போனபோதும் அப்படித்தான். கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுட்ட கண்ணாடித் தட்டுகள் பதினொன்று என் வண்டிக்குள் வந்து சேர்ந்தன. எப்படி இருக்கிறாய் என்று ஒரு குரல் வரவில்லை. அந்தத் தட்டுகளைக் கழுவி சர்ச் அலமாரியில் வைத்தேன். அதற்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று நான் சமையலறையில் நின்று அழுதேன் என்பதை முதல்முறையாக இங்கேதான் சொல்கிறேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை போர்வை வந்தது. ஊரில் எந்தக் குழந்தை பிறந்தாலும் சர்ச் பெண்கள் சேர்ந்து ஒட்டுத்துணிப் போர்வை தைப்பார்கள். மூலையில் குழந்தையின் பெயரைச் சிவப்பு நூலால் தைப்பது வழக்கம். ஹாட்லிக்கும் எம்மெட்டுக்கும் வந்திருக்கிறது, இரண்டையும் கெண்ட்ரா கொண்டுபோய்விட்டாள். இந்தப் போர்வையில் மூலை வெறுமையாக இருந்தது. ஒரு துண்டுச்சீட்டைக் குத்தியிருந்தார்கள்: "பெயர் என்ன?" ஆர்டிஸ் என்கிற, போர்வைக் குழுவை நடத்துகிற பெண்ணின் கையெழுத்து. மூன்று வருடத்தில் அந்த ஊர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? போர்வையை நடு சீட்டில் விரித்துப் பார்த்தேன். பொருத்தமாக இருந்தது. அன்று மாலை எம்மெட் தொலைபேசியில் வந்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை.

"டேய், புது வண்டில உனக்கு ஒரு சீட் இருக்கு. பக்கத்துலயே பாப்பாவுக்கும் ஒண்ணு இருக்கு," என்றேன்.

"பாப்பாவுக்கா? நிஜமாவா?"

"நிஜமா."

சீட் இருப்பது நிஜம்தான். அவன் கேட்டது அதுவல்ல என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை பங்க்குக்கு ஒருமணி நேரம் முன்னதாகவே போய் நின்றேன். வண்டியைக் கழுவியிருந்தேன். கெண்ட்ராவின் வண்டி வந்து நின்றதும் எம்மெட் முதல் ஆளாகக் குதித்து ஓடிவந்தான். முதுகில் அவன் பை, கையில் இன்னொரு பை. அந்த இரண்டாவது பையில் பால்புட்டியும் டயப்பரும் இருந்தன. ஐந்து வயசுக்காரன் தன் தங்கச்சிக்கு மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

கெண்ட்ரா வில்லாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பின்கதவு திறந்திருந்தது. மூன்று சீட்டையும் பார்த்தாள், நடுவில் போர்வையைப் பார்த்தாள். அவளும் எங்கள் ஊர்க்காரிதான், அந்தப் போர்வை எதற்கு வரும் என்று அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"யாரு வேட் அது? எப்போ?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்த மாதிரி பட்டது, அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

யாரும் இல்லை என்றேன். கடைக்காரர் கேட்டதையும், நான் ஆமாம் என்றதையும், துணியும் போர்வையும் வந்ததையும் சொன்னேன். சொல்லும்போதே அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். பிறகு அடக்கவில்லை. அதுவரை மூன்று வருடத்தில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

"ஊருல ஒருத்தருகூடவா கேக்கல?"

"கேக்கல."

"நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"யாருகிட்ட?" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அப்புறம் அந்தச் சீட் யாருக்கு என்று மெதுவாகக் கேட்டாள். எம்மெட் எனக்கு முந்திக்கொண்டு பதில் சொன்னான். சொல்லிவிட்டு, தன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, தானே பெல்ட்டும் போட்டுக்கொண்டான். ஹாட்லி அடுத்த பக்கம் ஏறினாள். அவள் பெரியவள்; நடக்கப்போவது அவளுக்குத் தெரிந்திருந்தது, வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கெண்ட்ரா என்னைத் திட்டியிருக்கலாம், திட்டுவதற்கு முழு உரிமை இருந்தது. அவள் வில்லாவைக் கொண்டுவந்து நடு சீட்டில் உட்கார வைத்தாள்.

"பெட்ரோல் போட்டுட்டு வர்றேன். அதுவரைக்கும்," என்றாள்.

நான் முன்னால் ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் தொடவில்லை. கண்ணாடியில் மூன்று தலைகள் தெரிந்தன. வில்லா போர்வையின் ஓரத்தை வாயில் வைத்துச் சப்பினாள். எம்மெட் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இது அப்பா வண்டி, இது ஜன்னல், வழியில் மாடு வரும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தான். நான்கு நிமிடம் இருக்கும். எழுபது மைல் திரும்பிப் போக வேண்டியவள் இன்னும் கொஞ்சம் நிதானமாகப் பெட்ரோல் போடமாட்டாளா என்று இருந்தது.

கெண்ட்ரா வந்து வில்லாவைத் தூக்கினாள். எம்மெட் அம்மாவைப் பார்த்தான், பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். அவன் அழவில்லை. பெல்ட்டைத் தானே கழற்றினான், இரண்டு பைகளையும் எடுத்துக்கொண்டான், இறங்கினான்.

"நீ நிஜமான்னு சொன்னே," என்றான்.

அவனைத் தூக்கி உட்கார வைக்கட்டுமா என்று கெண்ட்ரா கண்ணாலேயே கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

ஹாட்லி மட்டும் வந்தாள். எழுபது மைல். அவள் பின்னால் இடது ஓரத்தில், நான் முன்னால். பேச வேண்டுமென்றால் குரலை உயர்த்த வேண்டியிருந்தது, உயர்த்திப் பேசுகிற அளவுக்கு எங்களிடம் விஷயம் இல்லை. விலாவில் ஒன்றும் குத்தவில்லை. இவ்வளவு பெரிய வண்டியில் இவ்வளவு தனியாக நான் எந்த நாளும் ஓட்டியதில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஏற்றம் வந்தபோது பின்னாலிருந்து கேட்டாள்:

"அப்பா, இப்ப கியர் போடணும்ல?"

"இது தானே போட்டுக்கும்டா கண்ணு."

"ஓ," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, வழக்கமாக நேரே வண்டிக்குப் போகிறவன், ஹாட்லியின் கையைப் பிடித்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனேன். காபியும் கேக்கும் அங்கேதான். என்னைப் பார்த்ததும் பேச்சு கொஞ்சம் தாழ்ந்தது. நான் போர்வையை ஆர்டிஸ் முன்னால் மேசைமேல் வைத்தேன். மூன்றாவது சீட் என் குழந்தைக்கு இல்லை, கெண்ட்ராவுக்கும் ட்ரென்ட்டுக்கும் பிறந்த குழந்தைக்கு, எனக்கு யாரும் இல்லை, கடையில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். காது சூடாகிவிட்டது. ஆர்டிஸ் காபிக் கோப்பையைத் தள்ளிவைத்தாள்.

"அது சரி தம்பி. அதுக்குப் பேர் இருக்கா இல்லையா?"

வில்லா என்றேன். கைப்பையிலிருந்து சிவப்பு நூலை எடுத்து அங்கேயே தைக்க ஆரம்பித்தாள். தைத்து முடிப்பதற்குள் ஹாட்லி மூன்று துண்டு கேக் தின்றாள். வேறு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஒரு நாற்காலியை என் பக்கம் யாரோ நகர்த்தினார்கள், நான் உட்கார்ந்தேன்.

அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு ஹாட்லியை விடப் பங்க்குக்குப் போனேன். கெண்ட்ராவின் வண்டியில் எம்மெட்டும் வந்திருந்தான். அவன் வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என்னிடம் பேசவில்லை. நேரே போய்ப் பின்கதவைத் திறந்து எட்டிப்பார்த்தான். நடு சீட் அப்படியே இருந்தது. மூலையில் தைத்த பெயர் தெரியும்படி போர்வையை மடித்து அதில் வைத்து பெல்ட் போட்டிருந்தேன். அவனுக்குப் படிக்கத் தெரிந்த சில பெயர்களில் அதுவும் ஒன்று. சிவப்பு நூலை விரலால் தடவிப் பார்த்தான். ஏறித் தன் சீட்டில் உட்கார்ந்தான்.

நான் அவன் பக்கத்துக் கதவருகே போய் நின்றேன். டயரைப் பார்க்கவில்லை. நான் சொன்னது பொய் என்று அவனிடம் சொன்னேன். பாப்பா அம்மாவோட பாப்பா, அவள் இந்த வண்டியில் வீட்டுக்கு வரமாட்டாள், பங்க்கில் உட்காரலாம், அவ்வளவுதான் என்றேன். அவன் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரன் எவனாக இருந்தாலும் நிறுத்திக்கொள்வான்.

"எம்மெட், நீ இல்லாம எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குடா. அடுத்த தடவை வர்றியா?" என்று கேட்டேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பெல்ட்டைப் போட்டுப் பார்த்தான், கழற்றினான், மறுபடி போட்டுப் பார்த்தான். ஜன்னல் கண்ணாடி ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்த்தான். சீட்டின் கைப்பிடியை இரண்டு தட்டு தட்டினான்.

"யோசிச்சு சொல்றேன்," என்றான்.

பக்கத்துப் பம்ப்பில் நின்ற கெண்ட்ரா திரும்பிப் பார்த்தாள். நான் சரி என்றேன். அவன் இறங்கிப் போன பிறகு கதவைச் சாத்தினேன், பூட்டவில்லை.